ஒரு மூட்டை யூரியாவும் ஐந்து வேதியியலும்

கேள்வி: பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் மகள் கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல் என்று தனித்தனி நோட்டு போட்டிருக்கிறாள். ஒரே பாடத்துக்கு எதற்கு இத்தனை பிரிவு?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: நோட்டு தனித்தனியாக இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பொருள்கள் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. உரக்கடையில் விற்கிற யூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து முதலில் அம்மோனியா தயாரிக்கிறார்கள். இது கனிம வேதியியல். நைட்ரஜன் லேசில் எதோடும் சேராது, அதனால் இரும்பு வினையூக்கி, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு, நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தம் எல்லாம் தேவைப்படுகிறது. சூட்டைக் கூட்டினால் வினை வேகமாக நடக்கும், ஆனால் கிடைக்கிற அம்மோனியா குறைந்துபோகும். இந்த இழுபறியில் எந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போடுவது இயற்பியல் வேதியியல். ஒரு டம்ளர் தண்ணீரில் கைப்பிடி யூரியாவைப் போட்டுக் கலக்கினால் டம்ளர் சில்லென்று ஆகிவிடுமே, ஏன் என்று கேட்டாலும் பதில் இந்த நோட்டில்தான் இருக்கும்.

அப்புறம் அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் யூரியா. இது கரிமச் சேர்மம், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட பொருள்; இதைப் படிப்பது கரிம வேதியியல். உயிருள்ளவற்றில் உண்டாகிற பொருள்களை ஆய்வுக்கூடத்தில் செய்யவே முடியாது, அதற்கு ஏதோ ஓர் உயிர்விசை வேண்டும் என்று ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மனியின் ஃபிரடெரிக் வோலர் என்ற வேதியியலாளர் அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பைச் செய்யப் போக, கையில் வந்ததோ சிறுநீரில் இருக்கும் அதே யூரியா! அந்த நம்பிக்கை ஒரே நாளில் சாய்ந்துவிடவில்லை, ஆட்டம் கண்டது அங்கேதான். (கரிமம் என்றாலே இயற்கையானது, நல்லது என்று நினைப்பவர்கள் கவனிக்க: பெட்ரோலும் கரிமம்தான்.)

மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிப்பது பகுப்பாய்வு வேதியியல். புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவை நம் கல்லீரல் யூரியாவாக மாற்றுவதும், மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேஸ் என்ற நொதி திரும்ப அம்மோனியாவாக உடைப்பதும் உயிர்வேதியியல். வயலில் உரம் போட்டு மண்ணோடு கலக்காமல் விட்டால் காசு அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போவது இந்த நொதியால்தான்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: மோல் கணக்கை (பொருளில் எத்தனை அணு, மூலக்கூறு இருக்கிறது என்று எண்ணும் கணக்கு) முதலில் சரியாகப் படிக்கட்டும், எந்த நோட்டைத் திறந்தாலும் அது வந்து நிற்கும்.