அம்மாவின் ஒப்பாரியைப் படத்தில் போட்டுவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளிப் பக்கம் எங்கள் வீடு. 2008 இல் வேலைக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தம்பி வந்து, ஆவணப்படம் எடுக்கிறோம், அம்மா பேசினால் போதும் என்றார். இரண்டு நாள் இருந்து பதிவு செய்தார். அம்மா சொல்லி அழுத ஒப்பாரியும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். இப்போது அது முழுநீளப் படமாகி, முன்னோட்டம் யூடியூப்பில் ஓடுகிறது. பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வீடு, அண்ணாவின் நீலச் சைக்கிள், அம்மாவின் ஒப்பாரி எல்லாம் அப்படியே. கடைசியில் தங்கையே அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாகக் கதை. அந்தத் தங்கை நான்தான். அடுத்த மாதம் திரைக்கு வருகிறதாம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நிறுத்த முடியுமா ஐயா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய முன்னோட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். எது முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வீண் நம்பிக்கை தந்து காசை வாங்கக்கூடாது.

ஒரு குடும்பத்துக்கு நடந்த துயரம் அந்தக் குடும்பத்தின் சொத்து என்று எங்கள் சட்டம் சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒருவருடைய ஆக்கத்தைப் பாதுகாக்கும், நடந்த சம்பவத்தைப் பாதுகாக்காது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. தனிமைக்கான உரிமையோ அங்கே தனியான அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. ஆகவே காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி, தேடித் திரிந்த ஒரு தாயைப் பற்றி யாரும் படம் எடுக்கலாம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். சம்பூரிலும் மூதூரிலும் கமராவுக்கு முன் அழுதுவிட்டு, அந்தப் படம் எங்கே போனது என்றே தெரியாமல் இருக்கும் தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன்.

இந்தியாவில் தடுக்கிறார்களே என்று உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. 1994 இல், முன்பு கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலான் தேவி, தன் வாழ்க்கையை வைத்துப் பிறர் எடுத்த படத்துக்கு எதிராக டில்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். அவர் உயிரோடு இருந்தவர், தனக்காகவே வழக்காடினார். ஜெயலலிதா இறந்தபின் அவரைப் பற்றி எடுத்த படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவருடைய தனிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுகளுக்கு வராது என்று 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆனால் இங்கேயும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். அண்ணாவின் பெயரால் நீங்கள் வழக்குப் போட முடியாது. உங்கள் பெயரால் போடலாம், அம்மாவின் பெயரால் அவர் போடலாம்.

உங்கள் வழக்கு நிற்கப்போவது அந்தக் கடைசிக் காட்சியில்தான். காட்டிக்கொடுத்தவள் என்ற சொல் எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தால் அவளுடைய பிள்ளைகள் காலத்திலும் போகாது. கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்பதற்காக அதை உங்கள் மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து எங்களுக்குப் பொருந்தும் ரோமன் டச்சுச் சட்டத்தில் இது அவதூறு. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குப் போடலாம். பொலிசில் முறைப்பாடு செய்து பயனில்லை, ஏனென்றால் குற்றவியல் அவதூறு 2002 இலேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

பெயரை மாற்றிவிட்டோம், எல்லாம் கற்பனை என்று தொடக்கத்தில் போட்டுவிட்டோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது மட்டும் அவர்களைக் காப்பாற்றாது. உங்களைத் தெரிந்தவர்கள் பார்த்து, இது இன்னாருடைய வீடு, இது இன்னாருடைய மகள் என்று புரிந்துகொள்கிறார்களா என்பதே கேள்வி. அந்தச் சைக்கிள் இங்கேதான் உதவும். முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டவர்கள் இருந்தால், அயலவரோ ஆசிரியரோ, இரண்டு மூன்று பேரிடம் சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம், வாங்கிவிடுங்கள். சொன்னது அவதூறு என்று காட்டிவிட்டால், உள்நோக்கம் இருந்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். உண்மையைத்தான் சொன்னோம் என்று அவர்கள் நிற்பதானால், அது உண்மை என்றும் அதை வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் இரண்டையும் நிரூபிக்க வேண்டும். நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பார்கள்?

அடுத்தது ஒப்பாரி. நீங்கள் இதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். புலமைச் சொத்துச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு வாய்மொழியாகச் சொன்ன ஆக்கங்களையும் பாதுகாக்கிறது, எழுதி வைத்திருக்க வேண்டும் என்றில்லை. பரம்பரையாக வரும் அடிகளுக்கு அம்மா உரிமை கேட்க முடியாது. ஆனால் அண்ணாவின் சைக்கிளையும் அவன் விட்டுப்போன செருப்பையும் சொல்லிக் கட்டிய அடிகள் அவருடைய சொந்த ஆக்கம். அவற்றை அவருடைய பெயரும் இல்லாமல் ஒரு நடிகையின் வாயில் வைத்திருக்கிறார்கள். துயரத்துக்கு உரிமை தராத சட்டம் அந்தத் துயரத்தைச் சொன்ன சொற்களுக்குத் தருகிறது. ஒரே சிக்கல், இந்த வழக்கைக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் போட வேண்டும், செலவும் அலைச்சலும் கூட. அதனால் அவதூறு வழக்கைத் திருகோணமலையில் போட்டுவிட்டு, ஒப்பாரி விஷயத்தைச் சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தில் வைப்பதே என் யோசனை. யூடியூப்பில் பதிப்புரிமை முறைப்பாடும் செய்யலாம். சில வேளை படம் எடுத்தவர்களை இந்தக் கடிதமே பேச்சுக்குக் கூட்டிவரும்.

சரி, அந்தக் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஆவணப்படம் என்று சொல்லி, வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளை விளக்காமல் வாங்கியிருந்தால், அம்மா ஏமாற்றப்பட்டார் என்று வாதிடலாம். எப்படியும் அது அம்மாவின் கையெழுத்து. உங்களைக் காட்டிக்கொடுத்தவளாகக் காட்ட நீங்கள் எந்தத் தாளிலும் சம்மதிக்கவில்லை. 2017 இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் அம்மா அண்ணாவின் படத்தைத் தெருவில் பிடித்திருந்தாரே, அதுவும் சம்மதமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பிள்ளையைத் தேடுவதற்காகக் கையில் ஏந்திய படம் அது.

படம் வெளிவருமுன் தடையுத்தரவு கேட்பதென்றால் நாட்கள் மிகக் குறைவு. வெளிவராத ஒன்றைத் தடுக்க நீதிமன்றம் தயங்கும். பிறகு தரும் பணத்தால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு இது என்று காட்ட வேண்டும். முழுப் படத்தையும் நிறுத்தச் சொல்வதைவிட, அந்தக் காட்சியையும் ஒப்பாரியையும் நீக்கும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். அளவோடு கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். திரையரங்குக்கு வர அனுமதி தரும் தணிக்கைச் சபைக்கும் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்தால் அழைப்பாணை போய்ச் சேரவே மாதக்கணக்காகும். எனவே இங்கே இருக்கும் இயக்குநரையும் எதிராளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடை கிடைக்காவிட்டாலும் நட்டஈட்டு வழக்கு இருக்கிறது. அதற்குக் காலவரையறை இரண்டு வருடங்கள், முன்னோட்டம் வெளியான நாளிலிருந்தே எண்ணுங்கள். வசதி இல்லை என்று பின்வாங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போய் வருமான விபரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

போகுமுன் முன்னோட்டத்தைத் திகதி தெரியும்படி சேமித்து வையுங்கள், நாளைக்கே அழித்துவிடலாம். அந்தத் தம்பி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளைத் தொடாமல் வையுங்கள். அப்புறம், அம்மா மறுப்பில்லாமல் இருக்கும் ஒரு பின்னேரம் பார்த்து, அந்த ஒப்பாரியில் நினைவிருக்கும் அடிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே திகதி போட்டு, அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். எழுதியதை முதலில் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு.