பைகளையும் பிள்ளைகளையும்

கேள்வி: நண்பர்களாக ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, படகில் மட்டுமே போகக்கூடிய ஆளில்லாத கடற்கரை ஒன்றுக்கு ஒரு நாள் சுற்றுலா சென்றோம். ஏற்பாடு முழுவதும் என்னுடையது. காலை 9 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்குத் திரும்பினோம். 67 வயதான என் அம்மா மரநிழலில் பைகளையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஏறி வந்ததை அவர் கவனிக்காததால் இரண்டு பைகள் நனைந்து, நண்பர் ஒருவரின் கைப்பேசி கெட்டுவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் சற்றுக் கோபமாகப் பேசிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். அம்மா மட்டும் வர மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதத்தைப் பற்றி எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிடிவாதம் உண்மையில் யாருடையது என்பது, பெரும்பாலும் எழுதியவரின் கையாலேயே கடிதத்தின் நடுவில் எங்காவது பதிவாகியிருக்கும். உங்கள் கடிதத்தில் அது ‘பைகளையும் பிள்ளைகளையும்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுக் கடந்துபோன இடத்தில் இருக்கிறது. வைத்த பை வைத்த இடத்தில் இருக்கும், பிள்ளை இருக்குமா? ஐந்து குடும்பங்களின் பெரியவர்கள் அத்தனை பேரும் கடலில் திளைத்திருக்க, இரண்டையும் ஒரே கிழவியின் கண்ணில் ஒப்படைத்தீர்கள். பை நனைந்த அந்த நேரத்தில் அந்தக் கண் எங்கே இருந்தது என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகள்மேல் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த ஊகம் சரியென்றால், பிள்ளையா பையா என்று வந்தபோது அவர் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதற்காகத்தான் நீங்கள் அவரைப் பத்துப் பேர் நடுவில் கடிந்துகொண்டீர்கள்.

பைகளை நனைத்த குற்றம் ஏற்பாடு செய்த உங்களுடையது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் முழுதாக வற்றிய நிலையிலிருந்து முழுதாக ஏறுவதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் இன்னும் மேலே வரும். நீங்கள் அங்கே 7 மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். காலையில் காய்ந்து கிடந்த மணல் மாலை வரை காய்ந்தே இருக்கும் என்று நம்பாமல், படகோட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அல்லது முந்தைய ஏற்றம் ஒதுக்கிவிட்டுப் போன பாசியும் சருகும் கிடக்கும் கோட்டைப் பார்த்து, அதற்கு நன்றாக மேலே பைகளை வைத்திருக்கலாம்.

பை போகட்டும். உயிர்காப்பாளர் எவரும் இல்லாத கரையில், அலைகள் இருபுறமும் உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நீர் அமைதியாகத் தெரியும் இடம் ஒன்று இருந்தால், கரைக்கு வந்த நீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பி ஓடும். அலையில்லாத இடம் என்று பிள்ளைகளை விளையாட விடுவதும் அங்கேதான். வேகம் பிடித்தால் அந்த நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது, பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியேற வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதுமில்லை. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? உங்கள் அம்மாவுக்கு நீந்தத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், ஒரு பிள்ளை இழுபடுவதைக் கண்டு அலறுவதைத் தவிர அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? அந்த அச்சத்தோடு அவர் 7 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆளில்லாத கரையில் கழிப்பறையும் இருந்திருக்காது; பல பெண்கள் அத்தகைய இடங்களில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் உங்கள் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றவளை உடன் அழைத்துப் போவது மகனின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். கூலியில்லாத காவலுக்கு அழைத்துப் போவதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆகவே அவரைச் சம்மதிக்க வைக்கும் வழியை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. முதலில் கைப்பேசிக்கான பணத்தை உங்கள் கையிலிருந்து நண்பருக்குக் கொடுங்கள். எவர் முன்னால் அம்மாவைப் பேசினீர்களோ, அவர்களை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியறையில் கேட்பது இதற்கு ஈடாகாது. மறுபடியும் போவதானால், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இருவர் இருவராக அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி, கைப்பேசியைத் தொடாமல், சிறு பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நீங்கள்தான் முதல் முறைக்காரர்.

அதன் பிறகும் அம்மா வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அது அவருடைய விருப்பம். வந்தாரென்றால் ஒன்று செய்யுங்கள். அன்று அவர் கடலில் காலையாவது நனைத்தாரா என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. படகிலிருந்து இறங்கியதும் அவர் கையைப் பிடித்து நேராகத் தண்ணீருக்கு அழைத்துப் போங்கள். பைகளைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.