வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: வெளிநாட்டில் நோயுற்றவரை ஊருக்கு அழைத்து வருவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. எனவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சவூதியில் ஒரு வீட்டில் ஓட்டுநராக இருக்கிறார். ஆறு நாள்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சு வரவில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம் போகிறது. அங்குள்ள நண்பர்கள், ஏர் ஆம்புலன்ஸ் வைத்தால்தான் ஊருக்குக் கொண்டுவர முடியும், பல லட்சம் ஆகும் என்கிறார்கள். தென்னந்தோப்பை விற்றுவிடலாமா என்று மாமனார் கேட்கிறார். (ஒரு வாசகி, பாலக்கோடு)

பதில்: தோப்பை விற்க வேண்டாம் சகோதரி, இப்போதைக்கு விலை பேசவும் வேண்டாம். ஏர் ஆம்புலன்ஸ் என்பது தனி விமானத்தில் அமைத்த ஒரு சிறிய தீவிரச் சிகிச்சைப் பிரிவு. வென்டிலேட்டரில் இருப்பவர், மருந்து ஏற்றினால்தான் இரத்த அழுத்தம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இருக்கும் ஊரில் உரிய சிகிச்சை கிடைக்காமல் உடனே வேறிடம் போயாக வேண்டியவர் ஆகியோருக்கே அது தேவைப்படும். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து உங்கள் கணவர் தாமாகவே மூச்சு விடுகிறார் என்றும் குழாய் உணவு அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்றும் தெரிகிறது. அப்படியானால், சாதாரணப் பயணிகள் விமானத்திலேயே ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, ஒரு செவிலியரின் துணையோடு அழைத்து வருவதுதான் அவருக்குப் பெரும்பாலும் பொருந்தும் வழி.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவர் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறாரா? விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகவே அதை வைத்திருப்பார்கள். ஏறத்தாழ ஊட்டியில் இருப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நலமாக உள்ளவருக்கு அது உறைப்பதில்லை. நுரையீரல், இதயம், மூளை ஆகியவற்றில் ஒன்று ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் குறைந்த ஆக்ஸிஜனே போதாமல் போகலாம். அத்துடன் உடலுக்குள் அடைபட்ட காற்றும் அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவரையும், மண்டையோட்டு அறுவையோ வயிற்று அறுவையோ அண்மையில் நடந்தவரையும் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது என்பது இதனால்தான். பக்கவாதத்தைப் பொறுத்தவரை, முதல் நான்கு நாள்களுக்குள் விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஐந்தாம் நாளிலிருந்து சுமார் இரண்டு வாரம் வரை, நிலை மேலும் மோசமாகாமல் நிற்குமானால், மருத்துவத் துணையோடு அனுமதிப்பதுண்டு. இது இரத்தக்குழாய் அடைத்ததால் வந்ததா, வெடித்துக் கசிந்ததால் வந்ததா என்பதை அங்குள்ள மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கசிவாக இருந்தால் காத்திருக்கும் காலம் கூடும்.

தகுதி உண்டு என்று மருத்துவர் சொன்னால், ‘மெடிஃப்’ என்ற படிவத்தை நிரப்பித் தரும்படி அவரிடமே கேட்க வேண்டும். நோய் என்ன, ஆக்ஸிஜன் வேண்டுமா, உட்கார முடியுமா, யார் உடன் வருகிறார்கள் என்பதையெல்லாம் அதில் எழுதுவார்கள். அதைப் பார்த்து இறுதி முடிவு எடுப்பவர் விமான நிறுவனத்தின் மருத்துவர். டிக்கெட் விற்கும் ஏஜென்ட் அல்லர். ஸ்ட்ரெச்சருக்காகச் சாதாரண வகுப்பில் ஆறு முதல் ஒன்பது இருக்கைகளை மடக்கி, அவற்றின் மேல் படுக்கையைப் பொருத்தி, சுற்றித் திரை கட்டுவார்கள். அத்தனை இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டு. எல்லா விமானங்களிலும் இந்த வசதி இல்லை. இருக்கும் விமானத்திலும் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். உடன் வரும் செவிலியரை இங்கிருந்து அனுப்பினால் விசாவுக்கே நாள் போய்விடும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மூர்ச் செவிலியரோ மலையாளச் செவிலியரோ அங்குள்ள மருத்துவமனைகளில் கிடைப்பார்கள். நண்பர்களை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பணமும் வெளியேறும் அனுமதியும். இந்த இரண்டில் அனுமதிதான் பல நேரங்களில் அதிக நாளைத் தின்கிறது. 2021இல் சவூதி அரசு, முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேறும்படி விதிகளைத் தளர்த்தியபோது வீட்டு ஓட்டுநர்களை அதில் சேர்க்கவில்லை. எனவே இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) செல்லுபடியாக இருக்கிறதா என்பதைப் பார்த்து, கஃபீலிடம் (அவரை வேலைக்கு எடுத்த முதலாளியிடம்) எக்ஸிட், அதாவது வெளியேறும் அனுமதி போடச் சொல்வதை இன்றே தொடங்க வேண்டும். முதலாளி இழுத்தடித்தால் ரியாத்திலுள்ள இந்தியத் தூதரகத்தையோ ஜித்தாவிலுள்ள துணைத் தூதரகத்தையோ அணுகுங்கள். இங்கிருந்தபடியே வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் மனுவைப் பதியலாம். தூதரகங்களிடம் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வசதியற்ற இந்தியர்களின் அவசர மருத்துவச் செலவுக்கும் ஊர் திரும்பும் பயணத்துக்கும் அதிலிருந்து கொடுக்க விதி உண்டு. ஆனால் கேட்காதவரைத் தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். மனுவில் குடும்ப வருமானத்தையும், சம்பளம் நின்றுவிட்டதையும் தெளிவாக எழுதுங்கள். உங்கள் கணவர் எமிக்ரேஷன் அனுமதி (வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசு தரும் அனுமதி) பெற்றுப் போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இருக்கும். அந்தத் தாளையும் வீட்டில் தேடி எடுங்கள்.

கடைசியாகச் சொல்வதை முதலாவதாகச் செய்ய வேண்டும். இங்கே அவருக்குப் படுக்கை தரும் மருத்துவமனை எது என்பதை, விமானத் தேதி குறிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், சவூதியிலிருந்து வரும் நோய்க் குறிப்பையும் ஸ்கேன் படங்களையும் கைப்பேசியில் அனுப்பி, ‘எங்களிடம் கொண்டுவாருங்கள்’ என்ற பதிலை ஒரு மருத்துவரின் பெயரோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வெளிநாட்டு ஐசியூவில் இருந்தவரிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் சில மருத்துவமனைகள் அதற்கான பரிசோதனை முடிவையும் கேட்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இல்லையென்றால், அவர் வந்து சேர்வதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. சிலிண்டரை நாமே வாங்கிக் கையோடு விமானத்தில் கொண்டுவரலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: கூடாது. விமான நிறுவனமே சிலிண்டர் தர வேண்டும், அல்லது அது ஏற்றுக்கொண்ட வகையைச் சேர்ந்த சிறிய ஆக்ஸிஜன் செறிவூட்டியைப் பேட்டரியுடன் கொண்டுவரலாம். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் தாங்கும் அளவுக்குப் பேட்டரி கேட்பார்கள்.

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும் என் மாமாவுக்கு அங்கே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பயணக் காப்பீட்டில் மருத்துவப் போக்குவரத்தும் உண்டு என்று போட்டிருக்கிறது. ஆனாலும் காப்பீட்டு நிறுவனம் ஊருக்கு அனுப்ப மறுக்கிறது. இது நியாயமா? (ஓசூர்)

பதில்: பாலிசியின் வாசகத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ‘தகுந்த சிகிச்சை கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு’ என்றே சொல்கின்றன. ஊருக்கு என்று சொல்வதில்லை. மாமா இருக்கும் இடத்திலேயே நல்ல சிகிச்சை கிடைத்துவிட்டதால் அந்தப் பிரிவு இங்கே எழவே இல்லை. ‘தாயகம் திரும்பச் செய்தல்’ என்று தனிப் பிரிவு இருந்தால் மட்டுமே கேட்க முடியும். அதற்கும் அவர்களுடைய உதவி மையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். நாமே டிக்கெட் எடுத்துவிட்டு ரசீதை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். பழைய சர்க்கரை நோயையோ இரத்த அழுத்தத்தையோ விண்ணப்பத்தில் மறைத்திருந்தால் மருத்துவச் செலவுக்கே சிக்கல் வரும். அதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமாவைப் பொறுத்தவரை, வேறு சிக்கல் எதுவும் இல்லாமல் தேறியிருந்தால் ஏழு முதல் பத்து நாள்களில் சக்கர நாற்காலி உதவியோடு சாதாரண இருக்கையிலேயே வர முடியும். படுக்கை தேவையில்லை. நீண்ட பயணம் என்பதால் காலில் இரத்தம் உறையாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று அங்குள்ள மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் தரும் மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது முக்கியம்.

கேள்வி: எங்களுக்கு எந்த விமான நிலையம் வசதி? 108ஐ விமான நிலையத்துக்கு வரச் சொல்லலாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: 108 அவசரத்துக்கானது, திட்டமிட்ட பயணத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி உதவி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தனியார் ஆம்புலன்ஸ்தான்.

தூரத்தைப் பார்த்தால் பெங்களூருதான். தேவனஹள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 125 கிலோமீட்டர்; சென்னை அதைப் போல இரு மடங்கு. ஆனால் பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே இருக்கிறது, நாமோ தெற்கே இருக்கிறோம். இடையில் முழு நகரத்தையும் கடக்க வேண்டும். மாலையில் இறங்கினால் எலெக்ட்ரானிக் சிட்டியையும் அத்திப்பள்ளியையும் தாண்டுவதற்குள் நோயாளியோடு சேர்ந்து டிரைவருக்கும் மூச்சு முட்டும். ஹோஸ்கோட்டே, மாலூர் வழியாக ஓசூருக்கு வந்து சேரும் சுற்றுப்பாதையை அறிந்த டிரைவராகப் பாருங்கள். முடிந்தால் விடியற்காலையில் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான் பணியில் இருந்தபோது தருமபுரிக்கு வந்த ஒரு நோயாளியின் வண்டியில் தொப்பூர்க்காரர் ஒருவர் மடியில் ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு அதன் அளவுமானி முள்ளையே பார்த்தபடி வந்திருந்தார். ஓசூரைத் தாண்டும்போதே அது சிவப்புக்கு வந்துவிட்டதாம். இந்தக் கணக்கை நீங்களே போடலாம். பி வகைச் சிறிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம். 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம்தான். வழியில் ஏற்படக்கூடிய நெரிசலையும் சேர்த்து, தேவையைப் போல இரு மடங்கு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் நோயாளி என்றால் ஆம்புலன்ஸ் விமானத்தின் அருகிலேயே வர அனுமதி வேண்டியிருக்கும். வண்டி எண்ணையும் டிரைவரின் அடையாள அட்டையையும் முதல் நாளே விமான நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை முடிந்தது. முதலாளி, ‘டிக்கெட் தருகிறேன், ஊருக்குப் போ’ என்கிறார். போகலாமா? (போச்சம்பள்ளி)

பதில்: டிக்கெட் கொடுப்பது அவருடைய தயவு அன்று, கடமை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதும் 2023 ஜூலை முதல் அவருடைய கடமை. வேலையிடத்து விபத்து என்பதால் இழப்பீடும் உண்டு. விபத்து நடந்த ஓராண்டுக்குள் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் கோரிக்கை பதிவாக வேண்டும். பதியாமல் தம்பி விமானம் ஏறக் கூடாது. பதிந்த பிறகு, நிரந்தர ஊனத்தை மதிப்பிடும் பரிசோதனை எப்போது, எங்கே என்பதையும் கேட்டு வையுங்கள். மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் ஆகவில்லையென்றால், வீக்கத்துக்கு இடம்விட்டு அதைப் பிளந்து வைத்த பிறகே விமானத்தில் ஏற்றுவார்கள்.

கேள்வி: மலேசியாவில் இருக்கும் அண்ணனுக்குக் காசநோய். உடனே அழைத்துவர ஏற்பாடு செய்கிறோம். (அரூர்)

பதில்: உடனே வேண்டாம். தொற்றும் நிலையில் இருப்பவர் குறைந்தது இரண்டு வாரம் முறையான மருந்து சாப்பிட்டு, இனித் தொற்றாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே பறக்கலாம். மருந்துக்கு அடங்காத வகை என்றால் இன்னும் நாளாகும். அங்கே கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் தாளில் வரட்டும். இங்கே அரசு மருத்துவமனையில் ஒரு நாளும் விடாமல் இலவசமாகத் தொடரலாம்.

கேள்வி: என் மகன் அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறான். இப்படி ஒன்று நேராமலிருக்க என்ன செய்யலாம்? (பென்னாகரம்)

பதில்: நேராமலிருக்க என்னால் எதுவும் சொல்ல முடியாது அம்மா, நேர்ந்தால் கைகொடுக்க ஒன்றிரண்டு உண்டு. விசிட் விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அப்படிப் போகிறவருக்குக் காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பத்தாவது தேறாதவர் எமிக்ரேஷன் அனுமதியோடு போகும்போது, நான் மேலே சொன்ன பீமா யோஜனாவை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அதன்மேல் வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ பத்து லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு ஒரு லட்சம் வரை, உடல்நலம் கெட்டு வேலைக்குத் தகுதியற்றுப் போனால் ஊர் திரும்பச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். ஸ்ட்ரெச்சர் செலவு முழுவதும் அதில் வராது. பத்தாவது தேறியவருக்கு இது கட்டாயமில்லை என்பதால், சற்றுப் படித்த பிள்ளைகளே காப்பீடு இல்லாமல் போகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம். உங்கள் மகன் தேறியவரானால் தனியாக ஒரு பாலிசி எடுத்துக் கொடுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், பாலிசி ஆகியவற்றின் நகல் ஒரு கட்டு வீட்டில் இருக்கட்டும். அவர் தங்கும் அறையில் உள்ள இரண்டு பேரின் எண்களும் அதன் மேலட்டையில் எழுதியிருக்கட்டும்.