கிட்னி மாற்றிக்கொண்டவர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எதிர்ப்பு சக்தி மரபணுக்கள் வேறு மாதிரி வேலை செய்யுமா?

செய்யும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாற்று நடந்து, இப்போது கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறுகிறது, "மாத்திரை ஒழுங்கா போட்டியா?" என்று எல்லோரும் அவரையே குடைகிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் அப்படித்தான் குடைந்தார்கள்.

எனக்குக் கிட்னி கொடுத்தவர் என் கணவர். அதற்கு முன்பே எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். கிராஸ்மேட்ச் (கொடுப்பவரின் செல்களை என் இரத்தம் தாக்குமா என்று பார்க்கும் டெஸ்ட்) நெகட்டிவ், அதாவது தாக்காது என்றுதான் ஆபரேஷனுக்குப் போனோம். சில மாதங்களில் கிரியேட்டினின் 1.1-இலிருந்து 1.9-க்கு ஏறிவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், எதிரில் நான் உட்கார்ந்திருக்க, என் கணவரிடம் "இவங்க மாத்திரையை விட்டுடறாங்களா?" என்றார். கைப்பையிலிருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவில் தேதி போட்டு வைத்திருப்பேன். உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவும் இரத்தத்தில் சரியாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் டி.எஸ்.ஏ. டெஸ்ட் (கிட்னி கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது), பயாப்சி எல்லாம்.

என் கணவரின் எச்.எல்.ஏ.வுக்கு (செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) எதிரான ஆன்டிபாடி என் இரத்தத்தில் இருந்தது. குழந்தையின் எச்.எல்.ஏ.வில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்தின்போது தாயின் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துப் பழகி, நினைவில் வைத்துக்கொள்ளலாம். பல வருடம் கழித்து அதே எச்.எல்.ஏ. கிட்னியோடு வந்தால் விழித்துக்கொள்ளும். "புருஷன் கிட்னிதானே, எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. ஸ்டீராய்டு ஊசி, இரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை அகற்றும் பிளாஸ்மா மாற்று என்று போய்க் கிட்னி தப்பியது.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி சார்ந்த மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கியிருக்க வேண்டும். ஆனால் முழுதாக அடங்குவதில்லை. டி.எல்.ஆர்.7 என்ற மரபணு பெண்களின் பி அணுக்கள் (ஆன்டிபாடி உருவாக்கும் எதிர்ப்பு அணுக்கள்) சிலவற்றில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்வதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது ஆன்டிபாடி உருவாக்கத்தைத் தூண்டக்கூடியது. ஈஸ்ட்ரோஜனும் பெரும்பாலும் அதே பக்கம்தான் தள்ளும், டெஸ்டோஸ்டிரோன் தணிக்கும். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. போதாததற்கு, ஆணின் கிட்னியில் ஒய் குரோமோசோமைச் சேர்ந்த புரதங்கள் இருக்கும். அவை பெண்ணின் உடலுக்கு அந்நியம்.

நான் டாக்டர் இல்லை. "நெட்டில் படித்துவிட்டுப் பெண்களைப் பயமுறுத்துகிறாள்" என்று எழுத வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாப் பெண்ணுக்கும் நிராகரிப்பு வரும் என்று நான் சொல்லவே இல்லை. அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், ஆணிடமிருந்து கிட்னி பெற்ற இளம் பெண்களுக்கு அதை இழக்கும் ஆபத்து இளம் ஆண்களைவிட அதிகமாக இருந்தது. வயது ஏற ஏற அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. கணவர் கொடுத்த கிட்னியோடு நன்றாக இருப்பவர்களும் ஏராளம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். உறுப்பு பெறுபவர்களிலோ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். என் கணவர் எனக்குக் கொடுத்தபோது, "சம்பாதிக்கிற ஆம்பளை உடம்பை ஏன் கெடுத்துக்கறே?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டார்கள். அதே குடும்பத்தில் ஒரு அத்தை தன் தம்பிக்குக் கொடுத்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அத்தைக்கு இன்றைக்கு பி.பி. மாத்திரை வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. டி.எஸ்.ஏ. பார்த்தார்களா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கர்ப்பம், கருச்சிதைவு, இரத்தம் ஏற்றியது எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் டாக்ரோலிமஸை வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே பேச வேண்டும். கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொடுக்கும் மைகோஃபீனோலேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும், அதைக் கர்ப்பத்துக்குப் பல வாரங்கள் முன்பே மாற்றுவார்கள். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.