வேலைக்குப் போகும் பெண் ஒன்பது நாள் கொலுவை எப்படிச் சமாளிப்பது?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், மாமியார் காலத்து ஒன்பது படிக் கொலுவை விடாமல் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நாளைக் குறைக்காதீர்கள், படியைக் குறையுங்கள். 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் எதுவும் சரிதான். கலசமும் மரப்பாச்சி ஜோடியும் இருந்துவிட்டால் மூன்று படியும் முழுக் கொலுவே.

நவராத்திரிக்கு முந்தின நாளான மகாளய அமாவாசை பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். அதனால் முந்தின ஞாயிறே படியைக் கட்டி வெள்ளை வேட்டி விரித்துவிடுங்கள். அமாவாசையன்று மரப்பாச்சியை முதலில் ஏற்றி, மற்றதைப் பிள்ளைகளிடமும் கணவரிடமும் விடுங்கள். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வர்ணம் துணியோடு வந்துவிடும். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும்.

பலரும் திணறுவது சுண்டலில்தான். காலை 7 மணிக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு மாலை 6 மணிக்கு வந்து பார்த்தால், புரட்டாசிப் புழுக்கத்தில் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கும். முதல்நாள் இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலையில் கல்லுப்பு சேர்த்து நான்கைந்து விசில். பட்டாணிக்கு இரண்டே விசில், மூன்றாவது வந்தால் மசியலாகிவிடும். பாசிப்பருப்பைக் குக்கரில் வைக்கவே வேண்டாம். அரை மணி நேரம் ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில், நகத்தால் அழுத்தினால் உடையும் பதத்தில் இறக்குங்கள். ஊறப்போட மறந்த நாளில் இதுதான் கைகொடுக்கும். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். பொட்டலம் கட்டிக் கொடுப்பதானால் ஆறிய பிறகு கட்டுங்கள்; சூட்டோடு மூடினால் வியர்த்து, தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். 250 கிராம் கடலை பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும்.

ஒன்பது நாளும் ஆள் அழைக்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறோடு இன்னும் ஒரு நாள், மாலை ஏழிலிருந்து எட்டரை வரை என்று வாட்ஸப்பில் சொல்லிவிடுங்கள். மற்ற நாள்களுக்கு ஒரு கைப்பிடி நைவேத்தியம் போதும். நீங்கள் வர நேரமானால் விளக்கை வீட்டில் யார் ஏற்றினாலும் விளக்குதான்.

ஒன்றை மட்டும் மாற்றியே ஆக வேண்டும் என்பேன். கணவரை இழந்த பெண்களை அழைக்காமல் விடுவதும், அழைத்துவிட்டுக் குங்குமச் சிமிழை அவர்களைத் தாண்டி நகர்த்துவதும் இன்னும் நடக்கிறது. அந்த ஒரு நொடியில் அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாவற்றையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீட்டுங்கள்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் கொலுவைப் பிரித்துவிடுங்கள். பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினால் ஈரம் தங்கி வர்ணம் உரியும். பழைய பருத்திப் புடவைத் துண்டுதான் நல்லது. எந்தப் பெட்டியில் எந்த செட் என்று மூடி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் தசாவதாரத்தைத் தேடி எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டியிருக்காது.