அடுத்தவர் துன்பப்படக் கூடாதென்று விசுவாசத்தை மறுதலிக்கலாமா?

“நான் மறுதலிக்காவிட்டால் மற்றவர்கள் வதைபடுவார்கள் என்ற நிலையில் ஒரு கிறிஸ்தவர் விசுவாசத்தை மறுதலித்தால், அது பாவமா அன்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவம்தான், அன்பும்தான். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்த என்னால் முடியவில்லை. காரணம் என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா.

ஊர் கருமத்தம்பட்டிப் பக்கம். காட்டு வேலைக்கும் பிறகு தறிக்கும் போன கத்தோலிக்கக் குடும்பம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்கியதால் டீக்கடையில் தனி டம்ளர் மாறவில்லை, சான்றிதழ்தான் மாறியது.

மாமா பாலிடெக்னிக்குக்குப் பட்டியல் சாதி இடத்தில் விண்ணப்பித்திருந்தார். சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வரும் என்று தெரிந்ததும் அம்மிச்சி சுவரிலிருந்த மாதா படத்தை இறக்கி ராகி மொடாவுக்குள் வைத்தார். முகம் புதைந்துவிடக் கூடாதென்று மேலே பார்க்க வைத்து, துண்டு போட்டு மூடினாராம். கழுத்திலிருந்த உத்திரியம், மாதா பக்திக்கு மாட்டும் துணிப்பட்டை, சுருக்குப்பைக்குப் போனது. வந்தவர் பேர் கேட்டார். ஞானஸ்நானப் பேரை விழுங்கிவிட்டு, வீட்டில் கூப்பிடும் பேரைச் சொன்னார்.

“மாரியம்மன் கோயிலுக்குத்தானே போறீங்க?”

“ஆமாங்க சாமி.”

வந்தவர் வாசலைத் தாண்டவே இல்லை. எங்கள் சனம் இருக்கும் வீட்டுக்குள் அவர் எப்படி வருவார்? படத்தை இறக்கியே இருக்க வேண்டாம்.

அதன் பிறகு அம்மிச்சி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறியதில்லை. ஆனால் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க எழுந்திருக்க மாட்டார். கடைசி வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருப்பார். “நீ போய் வாங்கீட்டு வா கண்ணு” என்று என்னை மட்டும் அனுப்புவார். மாமா வேலைக்குப் போன பிறகு ஒருநாள், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டியதுதானே என்று கேட்டாராம். “நாஞ் சொன்னது பொய்தான் சாமி. நாளைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அப்பறம் எப்படீடா போய் முட்டி போடறது?”

கத்தோலிக்கர்களுக்கு இது புரியும். உத்தம மனஸ்தாபம் என்றால் செய்ததற்கு அழுவது மட்டுமில்லை, இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினையும் சேர்ந்தது. அம்மிச்சியால் அழ முடிந்தது. பிரதிக்கினைதான் கொடுக்க முடியவில்லை.

ஜப்பானைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். 1614-இல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. கொல்லக் கொல்ல வேதசாட்சிகளின் பேர்தான் வளர்ந்தது. குருவையே மறுதலிக்க வைத்தால் சனம் தானாகக் கலையும் என்று அதிகாரிகள் கண்டுகொண்டார்கள். 1633 அக்டோபரில் நாகசாகியில் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்களில் இருவர் இயேசு சபைக் குருக்கள் நாகௌரா ஜூலியன், கிறிஸ்தோவோ பெரெய்ரா. நாகௌரா அங்கேயே செத்தார். பெரெய்ரா ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மறுதலித்தார். அவருக்கு சவானோ சூவான் என்று ஜப்பானியப் பேர் வைத்தார்கள், பிடிபடும் மற்ற குருக்களின் விசாரணைக்கு அவரையே பயன்படுத்தினார்கள். நீங்கள் மறுதலித்தால் அடுத்தவர் தப்புவார் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பக் கூடாதென்று நான் சொல்வது இதனால்தான். ஒரு சொல்லை வாங்கியவர் அடுத்த சொல்லையும் கேட்பார்.

ஆனால் என் மனசில் தங்கியவர்கள் சாதாரண சனங்கள். நாகசாகியில் வருஷப் பிறப்பை ஒட்டி வீட்டுக்கு வீடு இயேசு அல்லது மாதா உருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வந்து ‘கொஞ்சிரிசான்’ செபம் சொன்னார்கள். போர்த்துகீசியத்திலிருந்து போன சொல் அது, நம்முடைய மனஸ்தாப மந்திரமேதான். அடுத்த வருஷமும் மிதிக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே சொன்னார்கள். குருவே இல்லாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் தாங்கி, 1865-இல் நாகசாகி ஓரா கோயிலில் பிரெஞ்சுக் குருவிடம் போய், மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்! இதை அம்மிச்சியிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பைபிளில் மக்கபேயர் இரண்டாம் நூலில் தொண்ணூறு வயது யூதர் எலயாசர், யூதருக்கு விலக்கான பன்றி இறைச்சி தின்பதுபோல் நடித்தாலே உயிர் பிழைக்கலாம் என்றபோதும் மறுத்தார். தன்னைப் பார்த்து இளையவர்கள் வழி தவறுவார்கள் என்றார். அவரை என்னால் குறைசொல்ல முடியாது. அம்மிச்சி சொன்ன பொய்க்கும் ஒரு விலை இருக்கிறது. மாமாவின் இடம் இன்னொரு வீட்டுப் பையனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. யாரும் குழியில் தொங்கவும் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சான்றிதழ் கேட்பதை அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றே சொன்னது. ஆனால் பிள்ளையின் சோற்றையும் அம்மாவின் சாமியையும் எதிரெதிரே நிறுத்தியது அம்மிச்சி இல்லை. மறுதலித்தவரைக் கேள்வி கேட்குமுன் அப்படி நிறுத்தியவரைக் கேளுங்கள்.

நான் அந்த இடத்தில் நின்றால், கண்முன்னே ஓர் உயிர் போகிறதென்றால், மறுதலித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இராயப்பர் (பேதுரு) மூன்று தரம் மறுதலித்துவிட்டு வெளியே போய் அழுதாரே, அந்த அழுகையோடுதான் இருப்பேன். அவரிடம்தான் ஆண்டவர் ஆடுகளை ஒப்படைத்தார்.

அம்மிச்சி படுத்த படுக்கையான பிறகு பங்குச் சாமியார் அவஸ்தைப்பூசுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு, கொடுக்க வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்காக எங்களை வாசலில் நிற்கச் சொன்னார்கள். வெகுநேரம் ஆனது. கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டபோது அம்மிச்சி நாக்கை நீட்டி நன்மை வாங்கிக்கொண்டிருந்தார். பிரதிக்கினை கொடுத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது.