மந்திரம் போட வாய், கை, பை: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) ஆடுகிறவர்களிடம், மந்திரக் காம்போனென்ட், அதாவது மந்திரம் போடத் தேவைப்படுபவை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, இங்கே பதில் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் ஆடுகிறோம், அதனால் அந்த விதிகளின்படியே சொல்கிறேன்.

பாலக்கோடு: அக்கா, இப்போதுதான் விசார்ட் (படித்து மந்திரம் கற்ற மந்திரவாதி) பாத்திரம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மந்திரத்திலும் வி, எஸ், எம் என்று போட்டிருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் ஆடினால் என்ன?

ஆடலாம் தம்பி, ஆனால் ஆட்டத்தில் பாதி சுவை போய்விடும். வி என்பது வாயால் சொல்லும் சொல், எஸ் என்பது கையசைவு, எம் என்பது பொருள். மந்திரவாதியைத் தடுக்க மற்றவர்களுக்கு இருக்கும் முக்கியமான வழி இந்த மூன்றும்தான். வாயில் துணி அடைத்தால் முதலாவது போச்சு, கையைக் கட்டினால் இரண்டாவது போச்சு, பையைப் பிடுங்கினால் மூன்றாவதும் போச்சு. கூட ஆடும் ஃபைட்டரிடமிருந்து கத்தியைப் பறிக்க முடிகிறது, உன்னிடமிருந்து மட்டும் எதையும் பறிக்க முடியாது என்றால் அவனுக்கு அது நியாயமா?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா மந்திரத்துக்கும் மூன்றும் தேவையில்லை. மிஸ்டி ஸ்டெப்புக்கு வாய் மட்டும் போதும். கையைப் பின்னால் கட்டிச் சிறையில் போட்டாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் 30 அடிக்குள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குப் போய்விடலாம். அடுத்தவர் போடும் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்குக் கை மட்டும் போதும். எந்த மந்திரத்துக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவன்தான் மாட்டிக்கொண்டாலும் தப்பிப்பான்.

ஊத்தங்கரை: ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் என்று போட்டிருக்கிறதே, ஒவ்வொரு முறையும் அதைத் தேடி அலைய வேண்டுமா?

வேண்டாம். விலை குறிப்பிடாத பொருளாக இருந்தால் 25 பொற்காசு காம்போனென்ட் பை ஒன்று வைத்திருந்தால் போதும், எல்லாம் அதற்குள் இருப்பதாகக் கணக்கு. பைக்குப் பதில் ஃபோகஸ், அதாவது அந்தப் பொருள்களுக்கு ஈடாகப் பிடித்திருக்கும் மந்திரக் கருவி, வைத்துக்கொள்ளலாம். விசார்டுக்கு அதிலேயே மலிவானது கைத்தடி, 5 பொற்காசுதான்.

ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்காமல் விடாதீர்கள். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுப்பார்கள், அதோடு கந்தகம் சேர்ந்தால் வெடிமருந்துக்குக் கரி மட்டும்தான் பாக்கி. லைட்னிங் போல்ட்டுக்கு ரோமத் துண்டும் கண்ணாடிக் கோலும் கேட்கிறார்கள். பள்ளியில் கண்ணாடிக் கோலைத் தேய்த்து மின்னேற்றம் காட்டினார்களே, அதேதான். எழுதியவர்கள் ரசித்து எழுதியிருக்கிறார்கள். விலையில்லாத பொருளை உங்கள் கதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதிலும் தப்பில்லை. வேப்பிலையோ புளியங்கொட்டையோ வைத்து ஆடுங்கள், ஆட்டத்தின் சமநிலை கெடாது.

காவேரிப்பட்டணம்: செத்தவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை போட 300 பொற்காசு வைரம் வேண்டும். கடைக்காரரிடம் பேரம் பேசி 200க்கு வாங்கினால் செல்லுமா?

செல்லும். விதி கேட்பது வைரத்தின் மதிப்பை, நீங்கள் கொடுத்த காசை அல்ல. அதே நியாயப்படி, 100 பெறுமான கல்லை 300 கொடுத்து வாங்கி ஏமாந்திருந்தால் அது வேலை செய்யாது. விலை போட்ட பொருளுக்குப் பையோ ஃபோகஸோ ஈடாகாது, அந்தப் பொருளே கையில் இருக்க வேண்டும். அப்புறம், தீர்ந்துபோகும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மந்திரப் பொருளை இனம் காணும் ஐடென்டிஃபைக்கான 100 பொற்காசு முத்து தீராது, ஒருமுறை வாங்கினால் போதும். ரிவிவிஃபை வைரம் ஒவ்வொரு முறையும் காலி.

டிஎம்மாக (கதையை நடத்துபவராக) இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செத்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டிய மந்திரம் ரிவிவிஃபை. ஊரில் வைரமே கிடைக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த குகையில் ஆளைக் கொல்லாதீர்கள். புதையலில் ஒரு வைரம் வையுங்கள். அதை யாருக்குச் செலவழிப்பது என்று அவர்கள் தவிக்கட்டும், நல்ல கதை அங்கேதான் பிறக்கும்.

அரூர்: என் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) ஒரு கையில் கேடயம், ஒரு கையில் கதை (கதாயுதம்) வைத்திருக்கிறார். ஒருவர் மந்திரம் போடலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார்.

அவரவர் எந்த மந்திரத்தை நினைத்துச் சொன்னார்களோ, அந்த அளவுக்கு இரண்டு பேரும் சரி. கேடயத்தில் தெய்வச் சின்னம் பொறித்திருந்தால் அதுவே ஃபோகஸ். கூட்டாளிகளுக்கு ஆசி தரும் பிளெஸ் மந்திரத்துக்குப் பொருள் வேண்டும், அதனால் ஃபோகஸைப் பிடித்திருக்கும் கையாலேயே கையசைவையும் செய்துவிடலாம். காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸுக்குப் பொருள் கிடையாது, வெறும் சொல்லும் கையசைவும்தான். பொருள் இல்லாத இடத்தில் ஃபோகஸுக்கு வேலையில்லை, ஆகவே அந்தக் கை காலிக் கையாகக் கணக்கில் வராது. கதையை இடுப்பில் செருகிவிட்டுத்தான் போட முடியும்.

செருகுவது அந்த முறைக்கான (டர்னுக்கான) ஒரே இலவசச் செயல், ஆனால் அதே முறையில் திரும்ப உருவ அது மிச்சமிருக்காது. அதுவரை எதிரி பக்கத்திலிருந்து நழுவினால் கதையால் அடிக்க முடியாது. விசித்திரமான விதி என்று பலர் தூக்கிவிடுகிறார்கள். நான் வைத்துக்கொள்ளவே சொல்வேன். வார் காஸ்டர் ஃபீட் (பாத்திரத்துக்கு எடுத்துக்கொள்ளும் தனித் திறமை) எடுத்தால் இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் கையசைவு செய்யலாம். விதியைத் தூக்கிவிட்டால் அந்த ஃபீட்டின் மதிப்பில் ஒரு பங்கு போய்விடும். அவசரத்துக்குக் காயம் ஆற்ற ஹீலிங் வேர்ட் இருக்கவே இருக்கிறது, அதற்கு வாய் மட்டும் போதும்.

பென்னாகரம்: ஒகேனக்கல் மாதிரி இரைச்சலான அருவிக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் மந்திரம் வேலை செய்யுமா? யாருக்கும் கேட்காதே.

வேலை செய்யும். விதிப்படி மந்திரம் சொல்ல வாய் திறந்திருக்க வேண்டும், சத்தம் எழ வேண்டும், அவ்வளவுதான். யார் காதிலும் விழ வேண்டும் என்றில்லை. சொல்பவருக்கே காது கேட்காவிட்டாலும் ஐந்தாம் பதிப்பில் தடையில்லை. சைலன்ஸ் மந்திரம் வேறு. அதன் 20 அடி ஆரத்துக்குள் சத்தமே எழாது, அதனால் வி உள்ள எதுவும் நடக்காது.

அருவி இரைச்சலில் ஒளிந்துகொண்டு கவுன்டர்ஸ்பெல்லிலிருந்து தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். அதைப் போடுகிறவர் 60 அடிக்குள் உங்களைப் பார்த்தால் போதும், கேட்க வேண்டியதில்லை.

தருமபுரி: அப்படியானால் முணுமுணுத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. 2014 விதியில் குறிப்பிட்ட சுருதியும் அதிர்வும் வேண்டும் என்று இருக்கிறது. 2024இல் வந்த புதிய விதிகளில் இன்னும் தெளிவாகச் சாதாரணமாகப் பேசும் குரலில் சொல்ல வேண்டும் என்றே போட்டுவிட்டார்கள். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுகிறார்களே, அந்த அளவு வேண்டாம், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போட வேண்டுமென்றால் சார்சரர் (பிறவியிலேயே மந்திர சக்தி உள்ளவர்) எடுத்து, மறைவாக மந்திரம் போடும் சட்டில் ஸ்பெல் என்ற திறனைக் கற்றுக்கொள்ளுங்கள். சார்சரருக்கென உள்ள சார்சரி பாயின்ட் ஒன்றைச் செலவழித்தால் சொல்லும் கையசைவும் தேவையில்லாமல் போகும்.

ஓசூர்: எங்கள் மேசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். மந்திரத்துக்கு எந்த மொழி? எதிரிக்குப் புரிய வேண்டுமா?

மந்திரச் சொல் புரிய வேண்டியதில்லை. ஆனால் சில மந்திரங்களில் அதற்கு மேல் எதிரியிடம் ஒன்று பேச வேண்டியிருக்கும், அங்கேதான் வித்தியாசம். ஒரு சொல்லில் கட்டளையிடும் கமாண்ட் போட்டு ‘ஓடு’ என்றால் எதிரிக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பலிக்காது. விஷஸ் மாக்கரியில் திட்டுவது காதில் விழுந்தால் போதும், புரியாவிட்டாலும் வலிக்கும்.

கிருஷ்ணகிரி: மேசையில் உண்மையிலேயே ஏதாவது மந்திரம் சொல்ல ஆசை. விதிப்புத்தகத்தில் வரிகள் இல்லையே?

இல்லை, நீங்களேதான் கட்ட வேண்டும். கோயிலில் சொல்லும் மந்திரங்களை எடுக்காதீர்கள், கூட உட்கார்ந்திருப்பவருக்கு அது வழிபாடு. இரண்டு சின்ன வரி, எதுகையோ மோனையோ இருந்தால் வாயில் தானாக வரும். ஃபயர்பாலுக்கு ‘தீயே திரள், திசையெல்லாம் சிதறு’. ரே ஆஃப் ஃப்ராஸ்ட்டுக்கு ‘பனியே படி, பாதம் பிடி’. ஒரு மந்திரத்துக்கு எப்போதும் ஒரே வரியைச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில், நீங்கள் ‘தீயே’ என்று தொடங்கியதுமே மற்றவர்கள் தங்கள் கேரக்டரைப் பின்னால் நகர்த்த ஆரம்பித்துவிடுவார்கள். கூச்சப்படுகிற புது ஆட்களை மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம், ‘மந்திரம் சொல்கிறேன்’ என்று சொன்னாலே போதும்.